சோமனூரில் ஒரு பார்படாஸ் வீடு

கோவை மாவட்டத்திலேயே சூறாவளிக்குப் பயந்து ஜன்னல் வைத்த ஒரே மனிதர் எங்கள் தெரு பார்படாஸ்காரர்தான். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் சோமனூரில் பாதிப் பேர் ரயில்வே ஸ்டேஷனைக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் அவர் தினமும் காற்றின் திசை பார்த்தார்.

மேற்கிந்தியத் தீவான பார்படாஸில் கட்டட சூப்பர்வைசராக நாலு வருஷம் இருந்தவர். மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து சென்ட் பாட்டில் கொண்டுவந்தால் இவர் பெட்டி நிறைய வீட்டு போட்டோ கொண்டுவந்தார். பவளக்கல்லில் கட்டிய பழைய துரைமார் மாளிகைகள், கூரை விளிம்பில் லேஸ் வைத்துத் தைத்தது போல மரவேலை செய்த வீடுகள். அவர் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் போட்டோ வரும். பல நாள் காபி வரவே வராது.

என் வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தியில் எழுந்து நின்று, "கூரைச் சரிவு பத்தாதுங்க. ஒரு காத்து அடிச்சா பல்லடத்துலதான் போய்ப் பொறுக்கோணுமுங்க" என்று அறிவித்தார். என் மாமனார் பாயசத்தைப் பாதியில் விட்டு வெளியே போய், கூரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

ஆனால் அந்தப் பெட்டியில் அவர் உயிரை வைத்திருந்தது ஒரு குட்டிப் பலகை வீட்டின் மேல். அந்தத் தீவின் கரும்புத் தோட்டக் கூலிகளுக்குச் சொந்த நிலம் கிடையாது. கற்களை அடுக்கி, அதன்மேல் வீட்டைச் சும்மா தூக்கி வைத்திருப்பார்கள். தோட்ட முதலாளி போகச் சொன்னால் வீட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

எங்கள் தெருமுனையில், தறிக்குடோனில் வேலை செய்த சரசு, ஒரு தோட்டக்காரருக்குச் சொந்தமான இடத்தில் இரண்டு பெண்களுடன் குடிசையில் இருந்தாள். ஒரு மழையில் சுவர் விழுந்தது. வீடு கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"இருந்துக்க அம்மணி. ஆனா கடைக்கால் மட்டும் தோண்டிப்போடாதே" என்றார் தோட்டக்காரர். அஸ்திவாரம் போட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம்.

சரசு அழுதாள். பார்படாஸ்காரர் சந்தோஷத்தில் கிட்டத்தட்ட ஆடினார்.

"அழுவாதீங்க அம்மணி. கடைக்கால் இல்லாமயே ஊடு கட்டிப்போடலாமுங்க."

இடித்த தறிக்குடோனின் பழைய பலகைகள், பன்னிரண்டு கல், ஒரு சாக்கு நிறைய போல்ட். இவ்வளவை வைத்து அவரே நின்று, கல்லின் மேல் வீட்டை எழுப்பினார். நடுவில் கதவு, இருபுறமும் புயல் தடுக்கும் ஜன்னல். கூரைச் சரிவில் காக்காய் உட்கார வந்து வழுக்கிக்கொண்டு போனது. பூஜை செய்ய வந்த ஐயர் கடைக்கால் குழியைத் தேடி இடத்தை மூன்று சுற்று சுற்றினார். ஊரே சிரித்தது. நானும்தான்.

இரண்டு வருஷம் கழித்துத் தோட்டக்காரரின் மகன் இடத்தை விற்றார். வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். பல்லடத்தில் சரசுவின் அக்கா தன் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் தந்தார். சரசுவின் முகத்தில் ரத்தமே இல்லை. பார்படாஸ்காரரோ சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வருவது போல வந்தார். ஒவ்வொரு பலகையிலும் சாக்பீஸால் நம்பர் போட்டார். மத்தியானத்துக்குள் வீடு பலகைக் குவியலாகிவிட்டது.

அவர் லாரிக்குச் சொல்லிவிட்டு, கல் அடுக்க என்னையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு முன்னாலேயே பல்லடம் போனார். அந்த நேரத்தில்தான் தெருப் பெண்களுக்கு மனசு கேட்கவில்லை. வாழ்ந்த வீடு வெறும் பலகையாகப் போகலாமா? ஈரத்துணியால் ஒன்றுவிடாமல் துடைத்து, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து அனுப்பிவிட்டார்கள்.

பல்லடத்தில் இறக்கிப் பார்த்தால் ஒரு நம்பர்கூட இல்லை. பார்படாஸ்காரர் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சுதுங்க அம்மணி. என்னைய நம்புனீங்க, இருந்த ஊட்டையும் கலைச்சுப்போட்டேன்."

சரசு ஒரு பலகையைத் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, இது சாமி படம் மாட்டுனதுங்க. கெழக்கால வரோணும். எண்ணெய்க் கறை இருக்கறது அடுப்படியிதுங்க. இந்தப் பள்ளம், சின்னவ மேல கோவத்துல நான் தட்டத்தை வீசுனனல்லங்க, அந்தச் செவுரு. எடுங்க, சொல்றேன்."

அவள் சொல்லச் சொல்ல நாங்கள் போல்ட் முடுக்கினோம். பொழுது சாய்வதற்குள் வீடு எழுந்து நின்றது. ஒரு பலகைகூட மிச்சமில்லை. ஒரே வீட்டுக்கு இரண்டாவது கிரகப்பிரவேசம் நடந்தது. சொந்தக்காரர்கள் இரண்டாம் முறையும் வந்து குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

போட்டோப் பெட்டியில் இப்போது சரசு வீட்டுப் படம்தான் மேலே இருக்கிறது. நான் கோவையில் எட்டாவது மாடிக்கு வந்துவிட்டேன். போன மாதம் வந்த பார்படாஸ்காரர் சுவரைத் தட்டிப் பார்த்து, "இதைக் கழட்டவே முடியாதுங்களே" என்று எனக்காக வருத்தப்பட்டார்.

இங்கே காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் அவருக்கு போன் செய்து, ஜன்னலைச் சாத்தினீர்களா என்று கேட்டுவிடுகிறேன். கேட்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.