பேச்சி பிடித்த முன் சீட்டு

பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று அலுத்துக்கொள்ளும் வாத்தியார்கள் புண்ணியம் செய்தவர்கள். நான் சொன்னதை ஒரு பிள்ளை எழுத்துப் பிசகாமல் கேட்டுத் தொலைத்தது. அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். மதுரையில் வாத்தியார் பயிற்சியை முடித்த கையோடு, போடிக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்துப் பள்ளியில் வேலை கிடைத்தது. பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு கம்பு, மேலே புல்லுக்கூரை. மழை வந்தால் உள்ளே நிற்பதும் வெளியே நிற்பதும் ஒன்றுதான் (உள்ளே நின்றால் கூடவே தேளும் விழும்).

தினமும் எங்கள் ஊர் ராசிங்காபுரத்திலிருந்து தோட்டத்து ஜீப்பில் போவேன். டிரைவர் குருசாமி அண்ணனுக்குப் பக்கத்து சீட்டு எனக்கு. பின்னால் காய் எடுக்கப் போகும் பெண்கள், கிழிந்த படுதாவுக்குக் கீழே ஒருவர் மடியில் ஒருவராக. அவர்களில் ஒருத்தி என் ஆத்தா. முதல் நாள் நானும் பின்னால் ஏறப் போனேன். "படிச்சவன் முன்னால ஒக்காரணும். போடா அங்கிட்டு" என்று தள்ளிவிட்டாள். இரண்டாம் நாள் தள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கஞ்சி போட்ட சட்டை, பையில் பேனா, ஜன்னலுக்கு வெளியே முழங்கை என்று, மலையை விலை பேசப் போகிறவன் மாதிரி போய்க்கொண்டிருந்தேன்.

இந்தக் கோலத்தில்தான் பிள்ளைகளுக்குச் சமத்துவம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினேன்.

பயிற்சிக் காலத்தில் ஒரு சின்னப் புத்தகம் படித்திருந்தேன். அமெரிக்காவில் கறுப்பு மக்களின் உரிமைக்காகப் போராடிய ஒரு பாதிரியாரின் கதை. அவருடைய நீளமான பெயர் எங்கள் பிள்ளைகளின் வாயில் நுழையவில்லை. 'பஸ்சு பாதிரியாரு' என்று சுருக்கிவிட்டார்கள். அந்த ஊர்ப் பஸ்ஸில் வெள்ளைக்காரர்களுக்கு முன் சீட்டு, கறுப்பர்களுக்குப் பின் சீட்டு. துணி தைத்துப் பிழைத்த ஓர் அம்மா எழுந்து இடம்விட மறுத்ததற்குக் கைதானாள். பாதிரியார் போராட்டத்துக்கு முன்னால் நின்றார். ஒரு வருஷத்துக்கு மேல் சனங்கள் பஸ் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனார்கள்.

"நாங்களுந்தான் தெனமும் நடக்குறோம். எங்களுக்கு என்னா சார் கெடைக்கும்?" என்றான் மாரி.

"அடிச்சா திருப்பி அடிக்க மாட்டாகளா?" என்றான் செல்வம். "அடிக்கக் கூடாதுன்னு அவரு சொல்லிட்டாரு" என்றேன். செல்வத்துக்குப் பாதிரியார் மேல் இருந்த மரியாதை பாதியாகிவிட்டது.

கடைசியில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று முடித்தேன். மூன்றாம் வகுப்புப் பேச்சி கேட்டாள்: "அப்புறம் அந்தப் பஸ்சு என்னாச்சு சார்?"

"யாரு வேணும்னாலும் எங்க வேணும்னாலும் ஒக்காரலாம்னு ஆயிருச்சு."

"அந்தப் பஸ்சுல வாத்தியாரு எங்க சார் ஒக்காருவாரு?"

நான் மணியடிக்கச் சொல்லிவிட்டேன்.

பள்ளி ஆண்டுவிழாவுக்குத் தோட்டத்து முதலாளி வருவதாக இருந்தது. சாரல் தொடங்கும் முன் பள்ளிக்குத் தகரக் கூரை வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஜூனில் பிள்ளைகள் வரமாட்டார்கள். போன வருஷமும் அப்படித்தான் பாதிப் பேர் காய் எடுக்கப் போய், திரும்பி வரவே இல்லை. கூரை கேட்க என் மூளையில் உதித்ததுதான் அந்த நாடகம். பஸ்ஸுக்குப் பதில் நிஜ ஜீப்பு. தையல்காரம்மா கைதானதும் பாதிரியார் வந்து பேசுவார். அந்தப் பேச்சை நான் தந்திரமாக எழுதியிருந்தேன்: "நான் ஒரு கனாக் கண்டேன். எங்கள் பள்ளிக்குத் தகரம் போட்டிருந்தது." (அமெரிக்கப் பாதிரியார் ஏன் ஏலமலையில் தகரம் கேட்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.)

மாரி பாதிரியார், குருசாமி அண்ணனின் கறுப்பு மழைக்கோட்டுத்தான் அங்கி. வெள்ளைக்காரர்களுக்கு அரிசிமாவு. கறுப்பர்களுக்கு ஒப்பனைச் செலவே இல்லை.

பேச்சி தையல்காரம்மா. அவளோடுதான் பெரும்பாடு. ஒத்திகையில் 'வெள்ளைக்காரன்' செல்வம் "எந்திரி" என்று அதட்டியதும் விசுக்கென்று எழுந்துவிடுவாள். தோட்டத்துப் பிள்ளை, யார் அதட்டினாலும் எழுந்தே பழக்கம். எனக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தா பாரு பேச்சி. யாரு சொன்னாலும் எந்திரிக்கக் கூடாது. நானே வந்து சொன்னாலும் எந்திரிக்கக் கூடாது. வெளங்குச்சா?"

விளங்கியிருந்தது.

விழாவன்று முதலாளியின் கார் பட்டறையில் கிடந்தது. மத்தியானம் ஜீப்பு தனியாகப் போய் அவரை அழைத்துவந்தது. சாயங்காலம் நாடகம். பேச்சி முன் சீட்டில் உட்கார்ந்தாள். செல்வம் அதட்டினான். "எந்திரிக்க மாட்டேன்!" என்றாள். கூட்டம் கைதட்டியது. போலீஸ் வந்து இழுத்தார். பேச்சி முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். போலீஸ் நாலாம் வகுப்பு. காலை முட்டுக்கொடுத்தெல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினார்.

"சார், இவ கைதாக மாட்டேங்குறா சார்!"

அவள் கைதானால்தான் பாதிரியார் வர முடியும். மாரி மழைக்கோட்டுக்குள் வேர்த்து வழிய, "நான் வரட்டா சார், நான் வரட்டா சார்" என்று ஓரத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். அதற்குள் தூறல் விழுந்தது. மாவு கரைந்து, வெள்ளைக்காரர்கள் எல்லாம் போடிக்காரர்கள் ஆனார்கள். மலையிலிருந்து மஞ்சு மூட்டம் இறங்குவதைப் பார்த்த முதலாளி எழுந்துவிட்டார்.

"சரி சரி, ரொம்ப நல்லாருந்துச்சு. குருசாமி, வண்டிய எடு."

முன் சீட்டில் பேச்சி.

"எறங்கு பாப்பா" என்றார் முதலாளி.

"எந்திரிக்க மாட்டேன்."

நான் ஓடினேன். "பேச்சி, நாடகம் முடிஞ்சிருச்சு. எந்திரி."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீங்களே வந்து சொன்னாலும் எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னீகளே சார்?"

தோட்டத்துக் கங்காணி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அவளுடைய அம்மா, "ஏ கழுதை, சோலிக்கு ஒல வச்சிராதடி, எறங்குடி!" என்று கெஞ்சினாள். பேச்சியின் உதடு நடுங்கியது. கை மட்டும் கம்பியை விடவில்லை. அந்தக் கையைப் பார்த்ததும் நான் கங்காணியின் குறுக்கே போய் நின்றேன். வீரமாக ஏதாவது சொல்ல வேண்டிய நேரம். என் வாயில் வந்தது இதுதான்:

"ஐயா... பின்னால நல்லாக் காத்து வரும்."

கூட்டத்தில் முதலில் சிரித்தது என் ஆத்தாதான். "ஆமா மொதலாளி, வெரசா ஏறுங்க! நாங்க ஒதுங்கிக்கிறோம்" என்றாள். பெண்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அவ்வளவு சிரிப்புக்கு நடுவே ஒரு சின்னப் பிள்ளையை இழுத்துப்போட முதலாளிக்கு மனம் வரவில்லையோ, வெட்கமோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறிவிட்டார்.

பெண்களும் நானும் பின்னால் ஏறிக்கொள்ள, ஜீப்பு நகர்ந்தது. அப்போதுதான் மாரிக்குப் பொறுக்க முடியாமல் போனது. மழைக்கோட்டு தரையில் இழுபட ஓடிவந்தான். "நான் ஒரு கனாக் கண்டேன்! ஐயா! தகரம்! தகரம்!"

வளைவுக்கு அப்பால் தொழிலாளர் வீடுகள் வந்ததும், "அண்ணே, நிப்பாட்டுங்க" என்று பேச்சி தானாகவே இறங்கினாள். "எடம் வந்தா எறங்கலாம்ல சார்?"

"முன்னால வாங்கய்யா" என்றார் குருசாமி அண்ணன். ஆனால் முதலாளியின் மடியில் யாருடைய கூடையோ இருந்தது. காலிரண்டும் சாக்குகளுக்கு நடுவே எங்கோ மாட்டியிருந்தன. "ஓட்டுப்பா" என்றார் ஈனஸ்வரத்தில். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றிலும் படுதாக் கிழிசல் வழியே அவர் தலையில் தண்ணீர் கொட்டியது. ஆத்தா அவருக்கு முகர்ந்துகொள்ள ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்தாள். போடியில் இறங்கியவர் யாரிடமும் பேசவில்லை. எனக்கு வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

ஒரு வாரத்தில் கூரை வந்தது. ஜீப்புக்கு. புதுப் படுதா, பிடித்துக்கொள்ளக் கம்பி, பின்னால் உட்காரப் பலகை. கழற்றிய பழைய படுதாவைப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார். அதை ஒட்டுப்போட்டு மேலே கட்டினோம். ஜூனில் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள், பேச்சியும்தான். எந்த ஓட்டைக்குக் கீழே யார் உட்காருவது என்பதற்கு முறை போட்டார்கள். அதில் வாத்தியாருக்கும் ஒரு முறை வைத்திருந்தாள் பேச்சி.

புதுப் படுதா போட்ட அன்று காலையில் கஞ்சிச் சட்டையோடு ஜீப்புக்குப் போனேன். என் சீட்டில், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே முழங்கையை நீட்டியபடி ஆத்தா.

"ஆத்தா, அது என் எடம்."

"எந்திரிக்க மாட்டேன்டா. போயி பின்னால ஏறு. நல்லாக் காத்து வரும்."

ரிடையரான பிறகு ஆசையாக ஒரு சாய்வு நாற்காலி வாங்கினேன். என் மனைவிக்கு இந்தக் கதை தெரியும். மகளுக்குத் தெரியும். இப்போது பேத்திக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இதை எழுதும்போது நாற்காலியில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். நானே போய்ச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பிரயோஜனமில்லை.