இறங்கக் கூடாத எண்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளைப் ‘பாசிமணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். குட்டிக் குட்டி பாலிமர் மணிகளில் செம்பைப் பிணைத்து வினையூக்கி செய்வது அவள் வேலை. அதைப் போட்டால் மருந்துச் சரக்கு சட்டென்று உருவாகும். வடிகட்டி எடுத்து மறுபடியும் போடலாம். செம்பு மணியைப் பிடித்துக்கொண்டதா என்று அகச்சிவப்புக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். பிடித்துக்கொண்டால் வரைபடத்தில் ஒரு எண் கொஞ்சம் இறங்கும்.

எத்தனையோ தடவை மண்ணைக் கவ்விய பிறகு ஒருநாள் இறங்கியேவிட்டது. இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

“சார், இறங்கிடுச்சு சார்!”

“இதைச் சிரிச்சுக்கிட்டே வேற சொல்றியாம்மா?”

“இறங்கினாத்தான் சார் செம்பு ஒட்டியிருக்குன்னு அர்த்தம்.”

“இது வளர்ச்சி ஆண்டு. வாசல்ல பேனர் தொங்குதே, பார்க்கலை? மாண்புமிகு அமைச்சர் வர்ற நேரத்துல ஒரு எண் இறங்கலாமா? ஏத்து.”

“அது இயற்கை விதி சார்.”

“விதியைத் திருத்த முன்மொழிவு அனுப்பலாம். அதுவரைக்கும் இறங்காமலாவது பார்த்துக்கோ. உன்னை நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு நான்தான் முடிவு பண்ணணும்.”

மேசைக்குத் திரும்பியவள் செம்பு ஒட்டி நீலமாகியிருந்த மணிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, செம்பே படாத வெள்ளை மணிகளை அள்ளிக் கருவியில் வைத்தாள். எண் அசையவில்லை. அந்த வரைபடத்தையே இயக்குநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

‘வீழ்ச்சியறியா வினையூக்கி’ என்று திருநாமம் சூட்டி அமைச்சர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். மூட்டை மூட்டையாக மருந்தாலைக்குப் போயிற்று. அங்கே எதுவுமே நடக்கவில்லை. ஆய்வுக்குழு வந்து பார்த்தது. புகையில்லை, கழிவில்லை, துர்நாற்றமில்லை. ‘சுற்றுச்சூழலுக்கு முற்றிலும் உகந்தது’ என்று சான்றளித்தது.

“மருந்தும் வரலையே?” என்றார் ஆலை மேலாளர்.

“மருந்து வந்தா கழிவும் கூடவே வரும். உங்களுக்கு என்னதான் வேணும்?” என்று கடிந்துகொண்டார் குழுத் தலைவர்.

பாசிமணிக்கு வேலை நிரந்தரமானது, விருதும் வந்தது. விருது மேடையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் வேறொரு நிறுவனத்தின் மூத்த விஞ்ஞானி. அவர் செய்த வினையூக்கியை ஊர் உலகமே மெச்சிக்கொண்டிருந்தது. இவரிடமாவது சொல்லி அழுதால் பாரம் குறையும் என்று நினைத்தாள்.

“மேடம், மனசு கேக்கலை. என் மணியில செம்பே இல்லை.”

அந்த அம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவள் காதோடு காதாகக் கேட்டார்:

“அடப் பாவமே! நீ மட்டும் இவ்வளவு நாளா செம்பு போட்டுக்கிட்டா இருந்தே?”