மாடி அறையில் பூமியதிர்ச்சி

திண்டுக்கல்,
தவக்காலத்து இரண்டாம் வெள்ளி

அன்புத் தம்பி ரொனால்டுக்கு,

சேசுவுக்குப் புகழ். நீயும் ரீனாவும் பிள்ளைகளும் ஓசூரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே உன் மச்சானுக்கு உடம்பு நலம். எனக்கும் நலம். வீட்டின் நலத்தைப் பற்றி மட்டும் உறுதியாக எதுவும் எழுத முடியவில்லை.

முழந்தாளிட்டு, கண்ணை மூடி, தலையையும் கவிழ்த்திருக்கும் ஒருவர் எதிரே திரையில் ஓடுகிற படத்தைப் பார்த்தவராவாரா, மாட்டாரா? பொருளியலில் முதுகலை படித்து, கல்லூரியில் இத்தனை வருடம் பாடம் நடத்தியும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தாக வேண்டும். ஏனென்றால் இந்த வழக்கின் நடுவர் நீ. போனில் கேட்டால் நீ ஸ்பீக்கரில் போட்டு ரீனாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சிரிப்பாய். வாட்ஸப்பில் கேட்டால் குடும்பக் குழுவில் ஏற்றிவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேசையில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். "மச்சான், மாடி ரூமு சும்மாத்தான கிடக்கு, ஒரு ஹோம் தியேட்டர் போட்ருவோம்" என்று ஆரம்பித்தவனே நீதான். அந்த அறை சும்மா கிடக்கவில்லை, அதில் நான் கிடந்தேன். சிறுமலையைப் பார்த்த ஜன்னல் ஓரம் என் மேசை, சுவர் முழுக்க என் புத்தகங்கள். பம்ப்செட் கடைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, நாள் முழுக்க மோட்டார் பேச்சையே கேட்டுக்கொண்டிருக்கிற வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே இடம் அது. ஆனாலும் நான் சண்டை போடவில்லை. நிபந்தனைதான் போட்டேன். மூன்று வாய்ப்பு. யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம், எந்தப் படத்தை வேண்டுமானாலும் போடலாம். ஒரு தடவையாவது வந்தவர்கள் எல்லோரும் நடுவில் எழுந்து போகாமல் முழுப் படத்தையும் பார்த்துவிட்டால் அறை அவருக்கு. இல்லாவிட்டால் அறை எனக்கு. நீதான் இரண்டு பேர் கையையும் பிடித்துக் குலுக்கி வைத்தாய். அப்புறம் கேக்கைத் தின்றுவிட்டு ஓசூருக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

பொங்கல் முடிந்ததும் வேலை ஆரம்பமானது. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்து, மேலே கறுப்புத் துணி போர்த்தினார்கள். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளும் நாற்காலிகள் வந்தன. மூலையில் தரை அதிரச் சத்தம் போடும் சப்வூஃபர் என்று ஒரு கறுப்புப் பெட்டி, நம் வீட்டு அரிசி டிரம் அளவுக்கு. என் புத்தகங்கள் மாடிப்படிக்கு அடியில் பிவிசி குழாய்களுக்குப் பக்கத்தில் போயின. நான் சாப்பாட்டு மேசைக்கு வந்தேன். போன வாரம் ஒரு மாணவியின் விடைத்தாளில் ரசம் கொட்டிவிட்டது. பாவம், நன்றாக எழுதும் பிள்ளை, மதிப்பெண்ணைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு என் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் எந்தப் படத்தைப் போடுவது என்ற கேள்வி வந்தது. உன் மச்சான் படத்தைத் தேடவே இல்லை தம்பி, சத்தத்தைத் தேடினார். இந்தப் படம் மழைக்கு, இது கண்ணாடி உடைவதற்கு, இது குதிரை ஓடுவதற்கு. கதை என்ன என்று கேட்டால் தெரியாது. "கதை கிடக்குது ஏஞ்சலின், பின்னாடி இடது பக்கம் ஒரு குதிரை கனைக்குது பாரு, அதைக் கேளு" என்பார். நான் திரும்பிப் பார்ப்பேன், அங்கே சுவர்தான் இருக்கும்.

முதல் வாய்ப்புக்கு விண்வெளிப் படம். ராக்கெட் கிளம்புகிற இடத்தில் நாற்காலியே நடுங்குமாம். அதற்குச் சிக்கியவர் கீரனூர் நல்லுசாமி. தென்னந்தோப்புக்கு மோட்டார் வாங்க மனைவியோடு வந்த மனிதரை பில் போடுவதற்கு முன்பே வீட்டுக்கு அழைத்து வந்து காபி கொடுத்து மாடியில் உட்கார்த்திவிட்டார். இருட்டில் அந்த அம்மா, "ஏனுங்க, கரண்டு போயிருச்சுங்களா?" என்று கேட்டார். படம் ஓடியது. ராக்கெட் உறுமத் தொடங்கியது. உன் மச்சான் கையை உயர்த்தி, "இப்ப வருது பாருங்க, இப்ப வருது" என்கிறார். நல்லுசாமி தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மாறிவிட்டது. "அண்ணா, பேரிங் போயிருச்சுங்க! ஆஃப் பண்ணுங்க, காயில் கருகிரும்!" என்று எழுந்து ஓடி, வாசலில் இருந்த மெயினையே அணைத்துவிட்டார். வீடு முழுக்க இருட்டு, கீழே என் குக்கர் மட்டும் விசிலடித்தது. அவர் எழுந்து போகவில்லை, உதவி செய்யத்தான் எழுந்தார், ஆகவே இது செல்லாது என்று உன் மச்சான் வாதாடினார். எழுந்தது எழுந்ததுதான் என்று சொல்லிவிட்டேன். நல்லுசாமி அதற்குப் பிறகு மோட்டார் வாங்க வேறு கடைக்குப் போனதாகக் கேள்வி. பேரிங் போன மோட்டாரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஓட்டுகிற கடைக்காரரை அவர் எப்படி நம்புவார்?

இரண்டாவது வாய்ப்புக்கு மோட்டார் சத்தமே இல்லாத படமாகப் பார்த்து, கடலுக்கடியில் எடுத்த படம் ஒன்றைப் பிடித்தார். மனிதர்களே கிடையாது, திமிங்கிலங்கள்தான். கொடைரோட்டிலிருந்து அவருடைய அண்ணன் ராயப்பராஜ் அத்தானையும் ரோஸ்மேரி அக்காவையும் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார். கறிக்குழம்பு, அதற்கு மேல் ஏசி, அதற்கு மேல் சாயும் நாற்காலி. நீயே யோசித்துக்கொள். திமிங்கிலம் தலையைத் தூக்குவதற்குள் அத்தான் தலை சாய்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அறையின் பின்பக்கத்திலிருந்து கனமான ஒரு குரல் எழும்பி, இறங்கி, நீர்க்குமிழி போல் உடைந்தது. உன் மச்சான் சிலிர்த்துப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியா? பின்னாடி ஸ்பீக்கரு எம்புட்டுத் துல்லியமா இருக்கு பாரு! திமிங்கிலம் மூச்சு விடுறது காதுல படுதுல்ல?" திரையில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது நண்டு. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அத்தான் எழுந்து சோம்பல் முறித்து, "படம் அருமைப்பா. ஆமா, ஹீரோ யாரு?" என்றார். ரோஸ்மேரி அக்கா தன் பங்குக்கு, "நம்ம வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு மாட்டணுங்க" என்று சொல்ல, உன் மச்சான் முகம் மலர்ந்து எதை என்று கேட்டார். ஏசியை. யாரும் எழுந்து போகவில்லையே என்று அன்றைக்கும் ஒரு வாதம் வந்தது. ஹீரோ யாரு என்று கேட்டவர் படம் பார்த்தவரா என்று கேட்டேன். இரண்டும் போயிற்று.

மூன்றாவதற்கு அவர் அவசரப்படவில்லை. தேடினார், தேடினார், தேடிக்கொண்டிருக்கும்போதே சாம்பல் புதன் வந்துவிட்டது. நம் வீட்டில் தவக்காலத்தில் கறியும் கிடையாது, சினிமாவும் கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்க வேண்டும். நெற்றியில் சாம்பலோடு மாடி அறை வாசலில் நின்ற அந்த மனிதரைப் பார்க்க எனக்கே ஒரு நிமிடம் இரக்கமாகத்தான் இருந்தது. அந்த இரக்கம்தான் தப்பாகப் போயிற்று, நான் அப்போதே மேசையை மேலே ஏற்றியிருக்க வேண்டும். ஏனென்றால் மறுநாளே அவருக்கு ஒன்று உதித்துவிட்டது. தவக்காலத்தில் ஒரு படம் பார்க்கலாம், பார்ப்பது புண்ணியம்கூட: ஆண்டவருடைய பாடுகளின் படம். அதில் ஆண்டவர் உயிர் விட்டதும் பூமி அதிரும், பாறை வெடிக்கும், கோயில் திரை கிழியும். "ஏஞ்சலின், சப்வூஃபருக்குன்னே எழுதி வச்ச மாதிரி இருக்குது!" என்றார். பக்தியாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டு இஞ்ஞாசியம்மாள் சித்தியை நீ மறந்திருக்க மாட்டாய். இப்போது எங்கள் தெரு அன்பிய ஜெபக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி, அவர் ஒரு வார்த்தை சொன்னால் தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஜெபத்துக்குக் கூடிவிடுவார்கள். உன் மச்சான் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். இன்று சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு, வரிசையாக மாடிக்கு ஏறினார்கள். திரைக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தியையும் ஏற்றி வைத்தார்கள். உன் மச்சான், வெளிச்சம் விழுந்தால் படம் மங்கும் என்று சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டார். நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை. "சாஞ்சு உக்காருங்க சித்தி, பட்டனை அமுக்குனா கால் தூக்கும்" என்றார். "ஏலே அந்தோணி, ஆண்டவரு அங்க பாடுபடுறாரு, நான் இங்க காலைத் தூக்கிக்கிட்டுக் கெடக்கவா?" என்று சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

படம் நல்லபடியாகத்தான் ஓடியது. அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள், யூதாசைத் திட்டினார்கள். நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். ஆண்டவர் தலை சாய்த்து உயிர் விட்டார். பெரிய வெள்ளியன்று கோயிலில் அந்த வாசகம் வரும்போது என்ன செய்வோம்? அதையேதான் செய்தார்கள். எல்லோரும் முழந்தாளிட்டுத் தலை கவிழ்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். பூமி அதிர்ந்தது, பாறை வெடித்தது, ஜன்னல் பலகை கிடுகிடுத்தது, மெழுகுவர்த்தி அணைந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. அவர்கள் தலை நிமிர்ந்தபோது திரையில் ஆண்டவரின் உடலைப் பொதிய, அமைதியாகச் சேலை மடிப்பது போல் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். உன் மச்சான் பொறுப்பாரா? ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார். "இப்ப பாருங்க சித்தி, பூமி அதிர்ற இடம், கண்ணைத் தொறந்துக்கிட்டுப் பாருங்க." ஆண்டவர் மறுபடியும் உயிர் விட்டார். மறுபடியும் எல்லோரும் முழந்தாள். மறுபடியும் ஓட்டினார். மூன்றாவது தடவை எழுந்தபோது சித்தி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏப்பா, எத்தனை தடவைதான் அவரைச் சாகடிப்ப? ஒரு தடவை செத்ததுக்கே நமக்கு நாப்பது நாளு தவம்!"

அதோடும் முடியவில்லை. கல்லறைக் காட்சி முடிந்து திரை வெளுக்கத் தொடங்கியதும் சித்தி கையை உயர்த்திவிட்டார். "நிறுத்துப்பா. உயிர்ப்பை இப்பவே பாக்கக் கூடாது. அதுக்குத்தான் ஈஸ்டரு இருக்குல்ல." உன் மச்சான் நிறுத்திவிட்டார். பெண்கள் ஒரு பாட்டுப் பாடி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

இப்போது வழக்கு இதுதான். யாரும் நடுவில் எழுந்து போகவில்லை, படத்தைத்தான் நிறுத்தினோம், மிச்சத்தை ஈஸ்டருக்கு ஒத்திவைத்திருக்கிறோம் என்கிறார் அவர். படத்தின் முக்கியமான இடத்தை மூன்று முறை போட்டும் ஒருவர்கூடப் பார்க்கவில்லை, முடிவையும் பார்க்க மறுத்துவிட்டார்கள், ஆகவே அறை என்னுடையது என்கிறேன் நான். ராத்திரி மேசையில் இரண்டு பக்கமும் கஞ்சியும் துவையலும், நடுவில் என் விடைத்தாள் கட்டு. நீ பாரபட்சம் பார்க்காமல், உன் மச்சான் உனக்கு வாங்கித் தந்த பைக்கை மறந்துவிட்டு, ஒரு வரித் தீர்ப்பு எழுதி அனுப்பு. தீர்ப்பு எனக்குச் சாதகமாக இருந்தால் நேரில் வந்து அந்தக் கறுப்புப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போ.

ரீனாவிடம் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் நெற்றியில் அத்தை சிலுவை போட்டதாக நினைத்து நீயே போட்டுவிடு. ஆண்டவர் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

அன்புடன் அக்கா,
ஏஞ்சலின்

பி.கு.: சனிக்கிழமை மாலை. கவரை ஒட்டுவதற்குள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காலைப் பூசை முடிந்து இஞ்ஞாசியம்மாள் சித்தி நேராக இங்கே வந்தார். "ரூமு மாதா கெபிக் குகை மாதிரி குளுகுளுன்னு இருக்கு அந்தோணி. இனிமே வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை இங்கதான். ஈஸ்டருக்கு அப்புறம் ஜெபமாலையும் இங்கயே வச்சுக்குவோம். பங்குச் சாமியாருட்டயும் சொல்லிட்டேன்" என்றார். உன் மச்சானுக்கு வியர்த்துவிட்டது. என் பக்கம் திரும்பாமலே, "அது டீச்சர் பேப்பர் திருத்துற ரூமு சித்தி. பரீட்சைப் பேப்பரு. வெளியாளு யாரும் உள்ள வரக்கூடாதுன்னு யுனிவர்சிட்டில ரூல் இருக்கு" என்றார். அப்படி ஒரு விதி கிடையாது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். சித்தி போனதும், சொன்னதை மெய்யாக்க வேண்டுமென்று அவரே என் மேசையையும் புத்தகங்களையும் மேலே சுமந்தார். ஆக, அறை கிடைத்துவிட்டது. உன் தீர்ப்பு தேவையில்லை.

மத்தியானம் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் அடைத்திருந்தது, மலை தெரியவில்லை. ஆனால் அந்தப் பஞ்சுப் பலகைக்குள் பக்கத்து வீட்டு மிக்சி கேட்கவில்லை, பஸ் ஹாரன் கேட்கவில்லை, கீழே அவர் போனில் மோட்டார் விற்பது கேட்கவில்லை. விடைத்தாள் கட்டில் பாதிக்கு மேல் திருத்திவிட்டேன். பஞ்சுப் பலகையைக் கழற்ற வேண்டாம் என்று சொல்ல எழுந்தபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஏஞ்சலின், செத்த நேரம். அந்த ஒரு இடத்தை மட்டும். நேத்து நீயும் பாக்கலையே" என்றார். உண்மைதான். எல்லோரும் கண்ணை மூடினார்கள் என்று எழுதினேனே, அதில் நானும் உண்டு. மூன்று தடவையும். இன்று நாற்காலியில் சாய்ந்து, பட்டனை அமுக்கி, காலைத் தூக்கிக்கொண்டு, கண்ணைத் திறந்தே பார்த்தேன். மேசையிலிருந்த பேனா தானாக உருண்டு கீழே விழுந்தது. அவர் திரையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

இரண்டாவது அதிர்ச்சி அடங்கும்போது கீழே காம்பவுண்டுச் சுவர்ப் பக்கமிருந்து சித்தியின் குரல். "டீச்சர்! என்னம்மா அது சத்தம்? பேப்பர் திருத்துறீங்களா?"

மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்து, "ஆமா சித்தி, இந்த வருசம் பிள்ளைக ரொம்ப மோசமா எழுதியிருக்குதுக" என்றேன்.