விதர்லோ நூற்றின் கூக்குரல்

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றில் சக்கரத்துக்கு அடுத்த இடம் எங்கள் விதர்லோ நூற்றுக்குத்தான். ரோமாபுரி இருந்தது, அழிந்தது. விதர்லோ நூறும் அழிந்ததுதான். ஆனால் அதற்கு ஒரு 'புனருத்தாரண சங்கம்' இருக்கிறது. அதற்கு அடியேன் செயலாளர்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஏறக்குறைய நூறு குடும்பம் சேர்ந்தால் ஒரு நூறு. பல நூறுகள் சேர்ந்தால் ஒரு கவுண்டி, அதாவது மாவட்டம். நூற்றின் மகுடம் 'கூக்குரல் சட்டம்'. களவு கொடுத்தவர் கூவினால், கேட்ட அத்தனை பேரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் திருடனைத் துரத்த வேண்டும். அவன் தப்பினால் நூறு முழுவதற்கும் தண்டம். என்ன பொறுப்புணர்ச்சி!

போன அக்டோபரில், பழைய நூற்று மன்றம் கூடிய அதே மேட்டின் மேல் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தச் சட்டத்தைப் போற்றினோம். தலைவர் மேஜர் டிராகாட் 'நம் ரத்தத்தில் ஊறிய வீரம்' என்ற இடத்துக்கு வந்தபோது, ஓடைக்கு அப்பால் அசல் கூக்குரல் ஒன்று எழுந்தது.

"திருடன்! திருடன்! என் வாத்தையெல்லாம் வேன்ல ஏத்துறானுங்க! ஓடியாங்க!"

கூவியவள் எட்னா பிலிங். கிறிஸ்துமஸுக்கு அவள் விற்கும் பெருவாத்துகள்தான் அவளுக்கு வருஷம் முழுவதும் ரொட்டி. நாங்கள் கைதட்டினோம்.

"என்னா குரல்யா! நிகழ்ச்சி நிரல்ல போடவே இல்லையே!" என்றார் மேஜர்.

பொருளாளர் ஸ்லோகம் பைனாகுலரை எடுத்தார். "நடிப்பு இல்ல மேஜர். நெசமாவே ஏத்துறானுங்க. ரெண்டே பேருதான். வெள்ளை வேன்."

சபை சிந்தனையில் ஆழ்ந்தது. ஒருவர் மட்டும் துணிந்து எழுந்தார்; சான்ட்விச் தட்டு அந்தப் பக்கம் இருந்தது.

மேஜர் வரைபடத்தை விரித்தார். "ஓடைக்கு அந்தப் பக்கம்னா அது ஆஷ்மியர் நூறுய்யா. நாம துரத்தினா அத்துமீறல் ஆயிடும்."

"ஆஷ்மியருக்குச் சங்கமே கிடையாதே!" என்றேன்.

"அதுக்கு நாம என்ன பண்றது? அது அவங்க லட்சணம்."

துரத்துவதில்லை என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சேறு சொட்டச் சொட்ட எட்னா மேடேறி வந்தபோது வேன் போய்விட்டிருந்தது.

"இத்தனை பேரு உக்காந்து வேடிக்கை பாத்தீங்களே, நல்லா இருப்பீங்களா?"

"வரலாறு தெரியாம பேசாத எட்னா. போலீஸுக்குப் போன் போடு" என்றார் மேஜர்.

"போட்டேன். ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னுட்டு பாட்டுப் போடுறான்!"

மேஜர் வரைபடத்தைக் காட்டி அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். அவளும் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

டிசம்பரில் எங்கள் ஆண்டு விருந்து. வாத்து விற்கும் விலையில் கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். ஸ்லோகம் சமர்த்தர், மதுக்கடை வாசலில் எவனிடமோ பேசி, இறகுகூடப் பறிக்காத பெருவாத்துகளைப் பாதி விலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். யாரிடம், எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. சமையலுக்கு எட்னாவையே கூலிக்கு வைத்தோம். பிழைப்பை இழந்தவளுக்கு வேலை கொடுப்பதுதானே நூற்றுப் பண்பாடு?

வாத்து பிரமாதம். எல்லார் வாயும் நிறைந்திருந்த நேரத்தில், எட்னா மூடிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜர் முன்னால் வைத்துத் திறந்தாள். உள்ளே வெட்டிய வாத்துக் கால்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நீல வளையம்; வளையத்தில் 'எ.பி.'

"என் கையால மாட்டுனது மேஜர். கறி நல்லா வெந்திருக்கா?"

மேஜர் விழுங்கினார். "இது... எந்த நூற்று எல்லைக்குள்ள..."

"இந்த மண்டபம் ஓடைக்கு இந்தப் பக்கந்தான். அன்னிக்கே உங்க மேப்ல பாத்து வெச்சுக்கிட்டேன்" என்றாள் எட்னா. பிறகு மூச்சை இழுத்துக் கூவினாள்: "திருடன்! திருடன்!"

அசல் விதர்லோ கூக்குரல். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, சரியான எல்லைக்குள். கேட்டவர்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழ வேண்டும் என்பது சட்டம். கையிலிருந்தது வாத்துத் தொடை. ஒருவரும் எழவில்லை.

எழுந்துதான் யாரைத் துரத்துவது? திருடர்கள் யாரும் ஓடவில்லையே. அத்தனை பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துதான் இருந்தோம்.