ஆல்ப்ஸ் மலையில் மூன்று கட்டிக் கற்பூரம்

விஞ்ஞானிகள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நான்கு நாட்கள் தொடர்ந்து சொன்னேன். (வாயைத் திறந்து சொல்லவில்லை, மூடிக்கொண்டு சொன்னேன். அது இன்னும் மோசம்.)

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த நான், பேர்னில் காற்றுமண்டலத்தை ஆராயும் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் இளம் ஆய்வாளனாக ஒட்டிக்கொண்டிருந்தேன். இளம் ஆய்வாளன் என்றால், மூத்தவர்களுக்கு முழங்கால் வலிக்கும் மலைகளுக்கெல்லாம் மூட்டை தூக்கிக்கொண்டு போகிறவன் என்று அர்த்தம். டாவோசுக்கு மேலே ஒரு மலைமுகட்டில் எங்களுக்கு ஒரு மரக்குடில் இருந்தது. அதன் சுவரைத் துளைத்து ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குழாய் வெளிக்காற்றை உறிஞ்சும், உள்ளே இருக்கும் கருவி அந்தக் காற்றில் எவ்வளவு புகைக்கரி இருக்கிறதென்று அளக்கும், ஒரு பேனா அதைச் சுருள் காகிதத்தில் கோடாகக் கீறும்.

இதெல்லாம் எங்கள் பேராசிரியரின் முப்பது வருடக் கனவு. தெற்கே தொலைதூரத்தில் காடு எரிந்தால் அந்தப் புகை ஆல்ப்ஸ் உச்சி வரைக்கும் வரும் என்பது அவர் கட்சி. மற்றப் பெரியவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அவர் போன பிறகு சிரிப்பார்கள். அவர்கள் வாயை அடைக்கத்தான் அந்தப் புதுக் கருவி வந்தது. வந்த நாளிலிருந்து அது வேலை செய்யவில்லை. இரண்டு கிழமையாக, பதினான்கு நாளும், பேனா அசையாமல் படுத்துக் கிடந்தது.

மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. ஒப்பந்தம் போனால் வதிவிட அனுமதியும் போய்விடும். ஊருக்குத் திரும்பிப் போகக்கூடிய காலமா அது? "முதலில் கருவி ஓடட்டும். உன் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் கடிதத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

இந்தக் கவலையைக் கொட்டுவதற்கு டாவோசில் எனக்கு இருந்த ஒரே ஆள் சிவம் அண்ணை. தூரத்து உறவு. பெரிய ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவும் பகுதி முழுவதும் அவர் ஆட்சி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மெசினுக்குப் பூசை வைச்சனியோ?"

"என்ன அண்ணை கதைக்கிறியள்? நான் விஞ்ஞானி."

"விஞ்ஞானியெண்டால் சாமி கும்பிடக்கூடாதோ? எங்கடை பாத்திரம் கழுவுற மெசினுக்குப் போன வருசமே பொட்டு வைச்சிட்டன். இண்டைவரைக்கும் ஒரு நாள் நிண்டதில்லை. செஃப்புக்கே விளங்கேல்லை. வியாழக்கிழமை ஆயுத பூசை, எனக்கும் லீவு. நான் வாறன்."

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. பயந்தவனுக்குப் பக்தி கேட்காமலே வரும்.

வியாழன் காலை அண்ணை கேபிள்காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை. உள்ளே சந்தனம், குங்குமம், ஹோட்டலில் எடுத்த எலுமிச்சம்பழம், எவர்சில்வர் தட்டம், யாழ்ப்பாணத்திலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த கற்பூரம். கருவியின் நெற்றி எது என்பதில் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. கடைசியில் அதன் முகப்பிலிருந்த சின்ன விளக்குக்கு மேலே பொட்டு வைத்தோம்.

மரக்குடிலுக்குள் நெருப்பு வைக்கக்கூடாது என்பது ஆய்வுகூட விதி. விதிகளை மதிப்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. ஆகவே தட்டத்தை வெளியே கொண்டுபோனோம். வெளியே காற்று, கொளுத்தக் கொளுத்த அணைந்தது. காற்றுப் படாத ஒரே இடம் சுவரோரம், அந்தக் குழாய்க்கு நேர் கீழே.

"மெசினுக்கு மூக்கு இதுதானே? அதுக்கே காட்டு" என்றார் அண்ணை.

மூன்று கட்டி. நான் தட்டத்தைப் பிடித்து, கண்ணை மூடி, குழாயின் வாய்க்கு நேரே மூன்று முறை சுற்றினேன். அண்ணை தேவாரம் பாடினார். பிறகு எரிகிற தட்டத்தை அங்கேயே கீழே வைத்துவிட்டு உள்ளே போனோம். பேனா எழும்பி, காகிதத்தின் மேல் விளிம்பில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தியோ! பாத்தியோ!" என்று அண்ணை குதித்தார். நானும் குதித்தேன். அன்று காலையில் கழன்று கிடந்த ஒரு ரப்பர் குழாயை நான் இறுக்கியிருந்தேன். உண்மையான வைத்தியம் அதுதான். கற்பூரம் எரிந்தால் கரி வரும் என்று முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் கும்பிடுகிற கையும் யோசிக்கிற மூளையும் என்னிடம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. கருவி ஓடுகிறது என்ற சந்தோஷத்தில் அந்தக் காகிதத்தைக் கிழித்து அன்றே பேராசிரியருக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை தொலைபேசி வந்தது.

"வியாழக்கிழமை பதினொன்று இருபதுக்கு என்ன நடந்தது என்று தெரியுமா உனக்கு?" என்று கேட்டார் பேராசிரியர். "புகை! வானிலை வரைபடத்தைப் பார்த்தேன், அன்றைக்குத் தெற்குக் காற்று! எங்கேயோ பெரிய காடு எரிந்திருக்கிறது. முப்பது வருடம் காத்திருந்தேன். புதன்கிழமை ஜெனீவாக் கூட்டத்தில் காட்டப் போகிறேன். நீயும் வருகிறாய்."

அந்த நிமிடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. "சரி, பேராசிரியர்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு சொல்ல நினைத்தேன். திங்கள் பேர்ன் திரும்பினேன், அவர் எனக்குக் கேக் வாங்கித் தந்தார். செவ்வாய் எல்லோருக்கும் முன்னால் என்னை "எங்கள் மலையின் கண்" என்றார். புதன் காலை ரயிலில், பேர்ன் தாண்டியதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் ஆப்பிளைச் சீவிப் பாதியை என்னிடம் நீட்டினார். சரி, லோசானில் சொல்வோம். லோசானில் ஏரி தெரிந்தது, அவர் மெல்ல ஒரு பாட்டு முணுமுணுத்தார். அந்த மனுஷர் பாடி நான் கேட்டதே இல்லை. அவருடைய சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. (அனுமதி அட்டையும் கண்முன் வந்தது. அதையும் மறைக்கவில்லை.)

ஜெனீவாவில் ஏறக்குறைய நாற்பது பேர், பாதி நரைத்த தலைகள். கடல் ஆராய்பவர்கள், முகில் ஆராய்பவர்கள், எல்லோர் காதிலும் மொழிபெயர்ப்புக் கருவி. பேராசிரியர் கருவி கீறிய கோட்டைத் திரையில் பெரிதாகப் போட்டார். என் கற்பூரம் சுவரளவுக்கு நின்றது. சிரிக்கிற பெரியவர்கள் ஒருவரும் அன்று சிரிக்கவில்லை.

பிறகு ஒரு மூத்த கடல் விஞ்ஞானி அம்மையார் கையுயர்த்தினார். "அவ்வளவு தூரத்திலிருந்து வரும் புகை மணிக்கணக்காக அல்லவா நிற்க வேண்டும்? இது பத்தொன்பது நிமிடத்தில் முடிந்துவிட்டதே?"

பேராசிரியர் பெருமையோடு என் பக்கம் திரும்பினார். "என் இளம் நண்பர் அங்கேதான் இருந்தார். பக்கத்தில் புகை ஏதும் இருந்ததா என்று அவரே சொல்லட்டும்."

எழுந்தேன். ஒலிவாங்கி கைக்கு வந்தது. இருந்தது என்றால் அவர் மானம் போகும். இல்லை என்றால் அந்தப் பொய் அச்சில் ஏறும், அதன் கீழே அவர் பெயர் இருக்கும்.

"அது நான்தான்" என்றேன். "குழாய்க்குக் கீழே கற்பூரம் கொளுத்திப் பூசை செய்தேன்."

மூலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த மொழிபெயர்ப்பாளர் வேலையை நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியில் நேராக என்னிடமே கேட்டார்: "மன்னிக்கவும், யாருக்குப் பிரார்த்தனை?"

"கருவிக்கு."

அது மூன்று மொழிகளில் நாற்பது காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

"எத்தனை கட்டி?" என்று கேட்டார்.

"மூன்று."

பேனாவை எடுத்து, படத்தின் மேல் '3' என்று எழுதினார். "அப்படியானால் கருவி நன்றாக வேலை செய்கிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

திரும்பும் ரயிலில் லோசான் வரைக்கும் அவர் தன் குறிப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "சனிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்." நான் மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. "உன் கடிதத்தில் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். செயலாளர் அம்மா தபாலிலும் சேர்த்துவிட்டார்" என்றார். "இல்லாவிட்டால் கொஞ்சம் யோசித்திருப்பேன்." பையைத் திறந்து ஆப்பிளை எடுத்தார். இந்த முறை பாதி தரவில்லை.

அடுத்த கிழமை மலைக்குப் போனபோது, அவர் கொடுத்தனுப்பிய பதிவேட்டில் காற்று, வெப்பம், பனி ஆகிய கட்டங்களுக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு புதுக் கட்டம் இருந்தது: 'பூசை: ஆம் / இல்லை'. அவர் ஓய்வு பெற்ற பிறகும் அதை யாரும் எடுக்கவில்லை. மலைக்குப் போன ஒவ்வொரு இளம் ஆய்வாளனும், ஏனென்று தெரியாமலே, 'இல்லை'யின் கீழே கோடு போட்டான். அவருடைய காட்டுப் புகையும் சில வருடங்களில் வந்தது. மணிக்கணக்காக நின்றது. முதலில் எனக்குத்தான் தொலைபேசி எடுத்தார். "நீ எங்கே நிற்கிறாய்?" என்று கேட்டார். பேர்னில் என்று நான் சொன்ன பிறகுதான் சந்தோஷப்பட்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கற்பூரம் கொளுத்தினால், இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் மணிக்கூட்டைப் பார்த்து, "அப்பா, ஜெனீவாவுக்குச் சொல்லிட்டியளோ?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், சிவம் அண்ணையைத் தவிர. அவருக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று இன்னும் விளங்கவில்லை.

"பூசைக்குப் பிறகு மெசின் ஓடினதோ இல்லையோ? அதை மட்டும் சொல்லு."

"ஓம் அண்ணை, ஓடினது."

"உன்ரை கடிதம் வந்ததோ?"

"வந்தது."

"பின்னை என்ன?" என்பார் அவர்.