வாக்ஓவர் இல்லாத குரூப்

உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தை வேண்டுமென்றே பார்க்காமல், இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிய ரசிகர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு, அவரும் திண்டிவனத்தில்தான் இருக்கிறார் என்று அடித்துச் சொல்வேன். பெற்றோர் அவருக்கு ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். தினமும் வேலைக்குப் போய்வரும் எங்கள் ரயில் பெட்டியில் அவர் பெயர் 'தகுதிச் சுற்று'. விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. பெரிய போட்டி எதையும் பார்க்கமாட்டார். அதற்குள் நுழைவதற்காக நடக்கும் ஆட்டங்களை மட்டும், எந்த நாட்டுக்காரன் ஆடினாலும், கண் கொட்டாமல் பார்ப்பார்.

"உள்ள பூந்துட்டவன ஊரே பாக்குது சார். வாசல்ல நின்னு முட்டிக்கினு கெடக்கறானே, அவன யாரு பாக்கறது?" என்பார்.

தகுதிச் சுற்றின் விதியை அவர் எங்களுக்கு மனப்பாடம் செய்வித்திருந்தார். நாலு அணி சேர்ந்தால் ஒரு குரூப். ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் சொந்த மைதானமான 'ஹோம் கிரவுண்டி'ல் ஒரு முறை, எதிராளியின் 'அவே கிரவுண்டி'ல் ஒரு முறை ஆட வேண்டும். ஆளுக்கு ஆறு ஆட்டம், ஜெயித்தால் மூன்று பாயிண்ட். முதலில் வருபவர் உள்ளே, மற்றவர்கள் வீட்டுக்கு. உலகத்தில் நடக்கும் சகலத்தையும் மனுஷர் இந்த விதிக்குள் அடக்கிவிடுவார். தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போய்த் திரும்பியவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அவே கிரவுண்டு சார். டிரா பண்ணிக்கினு வந்ததே பெரிசு" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. அவர் எதற்கும் சிரிப்பதில்லை.

ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நம் அணிக்குச் சுலபமான குரூப் விழ வேண்டும் என்று பௌர்ணமியன்று திருவக்கரை அம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தார். குரூப்பும் சுமாரானதாகத்தான் விழுந்தது. நம்மவர்கள் ஆட்டம் மீதமிருக்கும்போதே வெளியேறினார்கள். அம்மன் கைவிட்டுவிட்டாளா என்று பெட்டியே கேலி செய்தது. "அம்மன் குரூப்புதான் குடுக்க முடியும். கோலுமா போடும்?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் சீட்டாட்டமும் இந்த விதிப்படிதான். அவர், நான், ஸ்பேர் பார்ட்ஸ் கடை பஷீர் பாய், மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைக்குக் கணக்கு எழுதும் சேகர், ஆக நாலு பேர். மடியில் துண்டை விரித்து, ஒரு நாளைக்கு இருவர் ரம்மி ஆடுவோம். ஜன்னலோர சீட்டு யாருடைய முறையோ, அன்றைக்கு அது அவருடைய சொந்த மைதானம். போண்டா வாங்கித் தருவது எதிராளி பொறுப்பு. பேரணி ஸ்டேஷனில் இடைவேளை. வேடிக்கை பார்க்கும் இருவரும் வாய் திறக்கக் கூடாது. காசு வைத்து ஆடியதே இல்லை. ஆனால் அந்தப் பெட்டியில் நிலவிய அமைதியைப் பார்த்தால் யாரோ கோர்ட்டில் தீர்ப்புக்காகக் காத்திருப்பதாகத் தோன்றும்.

சேகர் மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றிருந்தார். ஜன்னலோரத்தில் அவர் உட்கார்ந்து ஆட வேண்டிய மூன்று ஆட்டங்கள் பாக்கி. இனி எல்லாவற்றிலும் ஜெயித்தாலும் முதலிடம் கிடையாது. அந்த நேரத்தில்தான் அவர் ரயிலுக்கு வருவது நின்றது.

வயிற்றில் கட்டி. புதுச்சேரியில் பார்த்தார்கள். இனி மருந்தில் ஆகப்போவது ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நாங்கள் ஒருமுறை ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய், தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம். சில நாள் கழித்து அவர் மனைவி மல்லிகா எனக்குப் போன் செய்தார்.

"ரூம்ப சாத்திக்கினு உள்ளயே இருக்காருண்ணா. யாரு மூஞ்சியும் பாக்கமாட்டேங்கறாரு. சாப்பாடு இல்ல, பேச்சு இல்ல. இருக்கற நாளாவது மனுசனா இருக்கட்டும்னு பாக்கறேன், எனக்கு வேற வழி தெர்ல."

இதை ரயிலில் சொன்னேன். பஷீர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தகுதிச் சுற்று அன்று மாலை திண்டிவனத்தில் இறங்கியதும் நேராக சேகர் வீட்டுக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். மூடிய கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து துண்டை மடியில் விரித்தார்.

"சேகரு, உனுக்கு மூணு மேட்ச் பாக்கி இருக்குது. மூணும் உன் ஹோம் கிரவுண்டு. வெளிய வா."

உள்ளேயிருந்து, "நான்தான் அவுட்டாயிட்டனேண்ணா. டாக்டரே சொல்லிட்டாரு" என்று குரல் வந்தது.

"டாக்டரு எந்த குரூப்புல இருக்காரு? நம்ம குரூப்புல அவரு இல்ல. ஆடாமலே எதிராளிக்கு பாயிண்ட்ட குடுக்கறதுக்குப் பேரு வாக்ஓவரு. இந்த குரூப்புல அது கெடையாது."

கதவு திறந்தது. சேகர் பாதியாகக் கரைந்திருந்தார். தகுதிச் சுற்று அவரை ஏற இறங்கப் பார்க்கவில்லை, எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. ஜன்னலோரம் உட்கார வைத்தார், சீட்டைக் கலைத்தார், ஈவிரக்கமில்லாமல் தோற்கடித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் மல்லிகா கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் சேகர் திட்டிக்கொண்டிருந்தார்.

"வர்றவங்கல்லாம் என்ன கண்ணாடி கிளாசு மாதிரி பாக்கறாங்க. இந்த ஆளப் பாரு, ஒரு ஜோக்கரு கூட வரவுடாம பேஜாரு பண்ணிட்டாரு."

அடுத்த வாரம் என் முறை. நானும் கையைத் தளர்த்தாமல் ஆடி ஜெயித்தேன். கடைசி ஆட்டம் பஷீர் பாயோடு. நம் அணியின் கடைசித் தகுதிச் சுற்று ஆட்டமும் அதே மாலைதான். அதில் நமக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. அதனாலேயே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார் தகுதிச் சுற்று.

பாய் இளகிய மனசுக்காரர். கையில் அழகாகச் சேர்ந்திருந்த ஆட்டின் ஆறு, ஏழு, எட்டிலிருந்து நடுச் சீட்டை, சேகர் ஜெயிக்கட்டும் என்று, உருவிக் கீழே போட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த தகுதிச் சுற்று, வாய் திறக்கக் கூடாது என்ற தன் சட்டத்தைத் தானே மீறினார்.

"பாய், அத எடு."

பாய்க்கு முகம் வெளிறிவிட்டது. சேகர் அந்தச் சீட்டைப் பார்த்தார், பிறகு பாயைப் பார்த்தார். "எடுங்க பாய். எனுக்கு இது வேணாம்" என்றார் மெதுவாக.

பாய் எடுத்தார். ஆட்டம் தொடர்ந்தது. நெடுநேரம் இழுபறி. கடைசியில் சேகர் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் துண்டின்மேல் பரப்பினார். நான் குனிந்து சரிபார்த்தேன். ஒரு குற்றம் சொல்ல முடியாத ரம்மி. தகுதிச் சுற்று, "மூணு பாயிண்ட்டு. இன்னமும் கடேசி எடம்தான். ஆனா மூணு பாயிண்ட்டு" என்று அறிவித்தார். சேகர் அழுதார், சிரித்தார், மல்லிகா கொடுத்த கேப்பைக் கூழை முழுசாகக் குடித்தார்.

சேகர் போனது அதற்குப் பிறகு, சித்திரையில். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சாயங்காலம்தான். டிவியில் நம் பையன்கள் வரிசையாக நின்று தேசிய கீதம் பாடினார்கள். இடைவேளைக்கு முன்பே சேகர், பக்கத்தில் இருந்த தகுதிச் சுற்றின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தகுதிச் சுற்று டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். ஆட்டம் முடிந்தது, பாய் கிளம்பிப் போனார், மல்லிகா டிவியையும் அணைத்துவிட்டார். அவர் மட்டும் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். கை மரத்துப்போனது முகத்திலேயே தெரிந்தது.

சேகர் கண்ணைத் திறக்காமலே, "முடிஞ்சிடுச்சாண்ணா?" என்று கேட்டார்.

"இல்ல சேகரு, ஆடிக்கினுதான் இருக்காங்க. நீ தூங்கு" என்றார் அந்த மனுஷர்.