ஃபுல் டவர் சீர்வரிசை

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி ஆகிய மூன்று வட்டாரங்களையும் சலித்தெடுத்தாலும், ஏமாறவே ஏமாறாத மனிதர் ஒருவர்தான் தேறுவார். அவர் அருப்புக்கோட்டை மல்லி வத்தல் கமிஷன் மண்டி காளிராஜ். இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. அவரிடம் ஏமாந்தவர்கள் எல்லாருமே ஒருமனதாக ஒப்புக்கொண்ட விஷயம் இது.

இந்தப் பெருமைக்குக் காரணம் அவருடைய குத்தூசி. நுனி கூரான இரும்புக் குழாய். மூட்டையின் வயிற்றில் குத்தி இழுத்தால், அடியில் கிடக்கும் சரக்கு குழாய் வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும். மேலே மணக்க மணக்கக் கொத்தமல்லி விதையும் அடியில் மண்ணும் காம்புமாகக் கட்டிக்கொண்டு வந்த எத்தனையோ பேர் அந்தக் குத்தூசியின் முன்னால் தலை குனிந்திருக்கிறார்கள். "மேல கெடக்குறது ஊருக்கு. அடியில கெடக்குறதுதான் எனக்கு" என்பார் காளிராஜ். அவர் மண்டியிலிருந்து வெளியூருக்கு லோடு போகிறபோது மட்டும் நல்ல மல்லி மேலே வந்து உட்காரும். உடனே சாக்கைத் தைத்துவிடுவார்கள். அதற்கு மண்டியில் "பக்குவம்" என்று பெயர்.

இப்பேர்ப்பட்டவர் தன் ஒரே மகள் ரேணுகாதேவிக்கு மாப்பிள்ளை பார்த்தார் என்றால் சாதாரணமாகப் பார்த்திருப்பாரா? மெட்ராஸில் "கம்ப்யூட்டர் என்ஜினியர்" ஜெகதீஸ்வரனைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை டை கட்டியிருந்தார். சித்திரை மாதத்து வெயில், கரண்ட் வேறு இல்லை. ஆனாலும் டை அவிழவில்லை. போகும்போது பளபளப்பான விசிட்டிங் கார்டு ஒன்றைக் கொடுத்தார். எழுத்தெல்லாம் தடவினால் கைக்குத் தட்டுப்பட்டது. காளிராஜ் நாலு தடவை தடவிப் பார்த்துவிட்டு, முழுத் திருப்தியுடன் "விசாரணை"யை முடித்துக்கொண்டார்.

ரேணுகாதேவி சம்மதித்ததற்குக் காரணம் வேறு. அவள் தினமும் காரியாபட்டி வழியாக மதுரைக்குப் பஸ்ஸில் போய் கம்ப்யூட்டர் படித்து முடித்திருந்தாள். சொந்தமாக ஒன்று வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கடைக் கணக்கு எல்லாம் செய்துகொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "அவுகளுக்கும் இதே வேலைங்கிறாக. ரெண்டு பேரும் சேந்து ஒரு கடை போட்ரலாம்மா" என்று அம்மா சந்தனம்மாளிடம் சொன்னாள். கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து அவள் சந்தோஷமாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

இந்தச் சமயத்தில் பாளையம்பட்டியில் காளிராஜின் பங்காளி சுப்புராஜ், தன் மகளுக்குச் சீராக வாஷிங் மெஷின் வைத்து வட்டாரத்தையே கலங்கடித்திருந்தார். தண்ணீர் லாரி வந்தால்தான் குடத்துக்கே தண்ணீர் என்ற ஊரில் அந்த மெஷினைப் பார்க்க ஜனம் முண்டியடித்தது. காளிராஜுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. தன் மகளுக்குக் கம்ப்யூட்டர் சீர் என்று அறிவித்த பிறகுதான் கையை நனைத்தார்.

மகளையும் கூட்டிக்கொண்டு மதுரையில் ஒரு மாடிக் கடைக்குப் போனார். ரேணுகாதேவி மேஜை மேல் படுக்கை வாட்டில் இருந்த ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினாள். கடைக்காரரும் தலையாட்டினார்.

"தங்கச்சி கரெக்டா சொல்லுது அண்ணாச்சி. சின்னப் பெட்டின்னா உள்ள நல்ல சாமான் போடலாம். வேகமா ஓடும்."

"இதையா?" காளிராஜ் அந்தப் பெட்டியைச் சுற்றி வந்தார். "மண்டபத்துல மூணாவது வரிசையில உக்காந்தவனுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"பின்னே எதுக்கு?"

அப்போதுதான் மூலையில் நின்ற பெட்டி கண்ணில் பட்டது. இடுப்பு உயரம். முன்பக்கம் கதவு, கதவுக்குப் பூட்டு, அடியில் சக்கரம். நெற்றியில் எண்கள் எரிவதற்கு ஒரு கண்ணாடி. "ஃபுல் டவர் அண்ணாச்சி. பெரிய ஆபீஸுக்குத்தான் வாங்குவாக" என்றார் கடைக்காரர். காளிராஜ் அதன் முன்னால் செருப்பைக் கழற்றினார் என்று சொல்வது மிகை. கழற்ற நினைத்தார் என்பது உண்மை.

"ஆனா இதை எடுத்தா, உள்ள போடுறதுக்குப் பட்ஜெட்டு பத்தாதே அண்ணாச்சி."

"உள்ள யாரு பாக்கப் போறா? இந்த நம்பரு எதுக்கு?"

"ஸ்பீடு காட்டுறது. நாம வைக்கிற நம்பர்தான். உள்ள ஒண்ணுமே இல்லாட்டியும் எரியும்."

ஒரு பொருளைப் பார்த்துக் காளிராஜ் இவ்வளவு நெகிழ்ந்தது அதுவே முதல் தடவை. "அப்ப மூணு ஒம்பது வையுங்க" என்றார்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதா? இன்னைக்கு எந்தக் கடையிலயும் அவ்வளவு ஸ்பீடு கம்ப்யூட்டர் கெடையாது அண்ணாச்சி. இந்தத் தொழில்ல இருக்குற சின்னப்பய பாத்தாக்கூடச் சிரிப்பான்."

"அருப்புக்கோட்டையில எவன் சிரிக்கிறான்னு நான் பாக்குறேன்."

ரேணுகாதேவிக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்பா, காலிப் பெட்டிய வச்சு நான் என்னப்பா செய்வேன்?"

"ஏன் தாயி கலங்குற? மாப்பிள்ளை என்ஜினியரு. உள்ள வேணுங்கிறத அவரே போட்டுக்குவாரு. அவருக்கும் ஒரு வேல வேணாமா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. காற்றாடி ஒன்றும் எண் விளக்கும் மட்டும் மாட்டிய பெட்டி, செத்துப்போன பழைய டிவி போன்ற ஒரு திரையுடன் ஊர் வந்து சேர்ந்தது. பஸ் ஸ்டாண்டில் மண்டிச் சுமையாள் பால்ச்சாமி பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கி, மறு கையால் பீடியைப் பற்றவைத்தான்.

காளிராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏலே, கீழ வையிடா! ரெண்டு கையால தூக்கு!"

"ரெண்டு கைக்கு வெயிட்டு இல்லையே மொதலாளி."

இந்தத் "தொழில்நுட்பக் கோளாறு" அன்று மாலையே சரிசெய்யப்பட்டது. மண்டிக்குப் பின்னால் கிடந்த செங்கல்களைச் சாக்கில் சுற்றி உள்ளே அடுக்கி, மூடியைத் திருகினார்கள். பிறகு இரண்டு ஆள் சேர்ந்து முக்கிக்கொண்டு தூக்கினார்கள். ரேணுகாதேவி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, மண்டபத்தில் சீர் பரப்பியாகிவிட்டது. கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் நடுவில் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து ஃபுல் டவர் நின்றது. சுப்புராஜ் அதைத் தூக்கிப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். காளிராஜின் பல நாள் கவலை அந்த நிமிஷத்தில் தீர்ந்தது.

ஆனால் மைக்கில் இருந்தது அவருடைய மச்சினன் உதயகுமார். மைக் கிடைத்தால் நிறுத்தத் தெரியாத மனுஷன். "இந்த நவீன கம்ப்யூட்டரை, நம்ம மாப்பிள்ளை, கம்ப்யூட்டர் என்ஜினியர் ஜெகதீஸ்வரன் அவர்களே இப்போது இயக்கிவைப்பார்கள்!" என்று அறிவித்துவிட்டான்.

காளிராஜின் வேட்டி நனையவில்லையே தவிர மற்றதெல்லாம் நடந்தது. மாப்பிள்ளை டையைச் சரிசெய்துகொண்டு வந்தார். ஸ்விட்சைப் போட்டார். உள்ளே காற்றாடி உர்ரென்றது. நெற்றியில் மூன்று ஒன்பதும் சிவப்பாக எரிந்தன. மண்டபம் கைதட்டியது.

"திரையில ஒண்ணும் தெரியலையே?" என்றார் சுப்புராஜ். பங்காளி என்பவர் எதற்காக இருக்கிறார்?

மாப்பிள்ளை பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டார். "ஸ்கிரீன் சேவர் ஓடுது. கறுப்புக் கலர்ல போட்டிருக்காங்க. மத்தபடி நல்ல ஸ்பீடு" என்றார்.

காளிராஜுக்குக் கண் கலங்கியது. மாமனாரின் மானத்தை இவ்வளவு நாசூக்காகக் காப்பாற்றும் மாப்பிள்ளை எந்தச் சீமையில் கிடைப்பார்! மணப்பெண் அறைக்கு ஓடினார். கதவோரம் நின்று பார்த்திருந்த ரேணுகாதேவியின் முகம் வெளிறியிருந்தது.

"பாத்தியா தாயி, என்ன பெருந்தன்மை!"

"பெருந்தன்மையா, தெரியாத்தனமாப்பா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். கேட்டுட்டு வாங்க."

காளிராஜ் மாப்பிள்ளையைச் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் ஒதுக்கினார். "மாப்ளே, பெட்டி விஷயத்தை வெளிய விடாமக் காப்பாத்துனீக. நான் மறக்க மாட்டேன்."

"எந்த விஷயம் மாமா? அருமையான பெட்டியாச்சே! எங்க கம்பெனியில இருக்கிறதும் இதே ஸ்பீடுதான். நான்தான எல்லாத்தையும் அட்டைப்பெட்டியில கட்டி லாரியில ஏத்துறேன், எனக்குத் தெரியாதா?"

அட்டைப்பெட்டி கட்டுவதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் விசிட்டிங் கார்டில் அது இல்லை.  காளிராஜுக்கு அவருக்கே உரிய தெளிவு பிறந்தது. மேளக்காரர்களை நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லிவிட்டு மகளிடம் திரும்பி வந்தார்.

"தெரியலதான் தாயி" என்றார். "ஆனா ஒண்ணு யோசி. நம்ம பெட்டியிலயும் செங்கல்லு. அவுக சொன்னதுலயும் செங்கல்லு. கணக்கு நேராயிருச்சு. ரெண்டு பக்கமும் மூடியத் தொறக்காம இருந்தா மரியாதையா முடிஞ்சிரும்."

"நடுவுல நான் இருக்கேனேப்பா."

"உனக்கு என்ன கொற?"

"ஒரு மல்லி மூட்டைக்கு அடி வரைக்கும் குத்தூசி போடுவீக. எனக்கு மாப்பிள்ளை பாக்கையில அது எங்கப்பா போச்சு?"

காளிராஜ் மகளைப் பரிவோடு பார்த்தார். இத்தனை படித்தும் வியாபாரம் புரியவில்லையே என்ற வருத்தம் அவருக்கு.

"வாங்குற மூட்டைக்குத்தான் தாயி குத்தூசி. அனுப்புற மூட்டைக்கு எவனாச்சும் போடுவானா?"

 ரேணுகாதேவி தலையில் வைத்திருந்த பூவை எடுத்து, கதவருகே நின்ற அம்மா கையில் கொடுத்தாள். சந்தனம்மாள் தடுக்கவில்லை, கதவை விட்டு விலகி நின்றாள். மகள் நேரே மேடைக்குப் போய் மாமன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"சீர்வரிசையில ஒரு சின்னத் திருத்தம். கம்ப்யூட்டர் பெட்டி ஒண்ணு, உள்ள செங்கல்லு. மாப்பிள்ளை ஒண்ணு, என்ஜினியர்னு சொன்னாக, செங்கல்லு இருக்குறது அவுகளுக்குத் தெரியல. பொண்ணு ஒண்ணு." அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அதை லோடு ஏத்தல."

மேளம் நின்றது. எல்லாரும் காளிராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். "பாவம், நம்பி ஏமாந்துட்டாரு" என்று யாரோ பரிதாபப்பட்டார்கள். அபாண்டம். காளிராஜ் ஏமாறாத மனிதர் என்று தொடக்கத்தில் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அன்றைக்கும் அவர் ஏமாறவில்லை. அடி வரைக்கும் தெரிந்துகொண்டுதான் மூட்டையைத் தைக்கப் பார்த்தார்.